அரை மார்க்குக்காக ஒரு வீடியோ

வணக்கம் மக்களே. பின்னால் துணி காய்கிறது, கண்டுகொள்ளாதீர்கள். மாடித்தோட்டம் பற்றிப் பேசுவதாகச் சொல்லியிருந்தேன். கத்தரிச்செடி காத்திருக்கட்டும், இன்றைக்கு எனக்கு அரை மார்க் பிரச்சினை.

அக்கா பையன் ப்ளஸ் ஒன். இங்கிலீஷ் டெஸ்ட்டில் 20-க்கு 19½. பேப்பரை நீட்டி, "சித்தி, இது எப்படித் தப்பு?" என்றான். 'டூ யூ மைண்ட் மீ ஓபனிங் த விண்டோ?' என்று எழுதியிருக்கிறான். 'மீ'யைச் சுற்றி வட்டம், மேலே சிவப்பு மையில் 'மை'. சிவப்புப் பேனா என்றாலே எனக்கு எப்படி ஏறும் என்று உங்களுக்குத் தெரியும்.

தப்பே இல்லை! 'ஓபனிங்' ஜெரண்ட், நம் தொழிற்பெயர் மாதிரி. பெயர் என்றால் முன்னால் 'மை', 'ஹிஸ்' என்று உடைமைதான் வரவேண்டும் என்பது பழைய கட்சி. அதற்காக வாதாடிய பெரிய ஆள், இங்கிலீஷ் நடை பற்றிப் புத்தகம் போட்ட ஃபௌலர். 1926-இல் வந்த அவருடைய 'மாடர்ன் இங்கிலீஷ் யூசேஜ்' இதோ. திருவல்லிக்கேணி நடைபாதைக் கடையில் 300 சொன்னார், அட்டை கிழிந்திருக்கிறதே என்றேன், 250 என்றார், நடந்தேன், கூப்பிட்டார், 180! அட்டைதான் போச்சு, நமக்கு வேண்டிய பக்கம் முழுசாக இருக்கிறது. 'மீ ஓபனிங்' வகைக்கு ஃப்யூஸ்டு பார்ட்டிசிப்பிள் என்று பேர் வைத்துத் திட்டுகிறார். டென்மார்க் அறிஞர் யெஸ்பர்சன் விடவில்லை. நல்ல எழுத்தாளர்களே காலங்காலமாக இப்படி எழுதுகிறார்கள் என்று எடுத்துக்காட்டினார். இன்றைக்குப் பேச்சில் 'மீ'தான் சர்வசாதாரணம். 'மை' கொஞ்சம் கஞ்சி போட்ட சட்டை.

நமக்கு இது குழம்பக் காரணம் இருக்கிறது. இங்கிலீஷ்காரர்கள் 'மீ' என்கிற இரண்டாம் வேற்றுமையா, 'மை' என்கிற ஆறாம் வேற்றுமையா என்று அடித்துக்கொள்கிறார்கள். 'அவன் வருவது பிடிக்கவில்லை' என்கிற நமக்கோ இரண்டுமே வேண்டாம். 'அவனை வருவது', 'அவனுடைய வருவது' என்று யாராவது சொல்வோமா? 'வருகை' என்றால்தான் 'அவனுடைய' வந்து ஒட்டும்.

அதற்காக எல்லா இடத்திலும் 'மீ' போடாதீர்கள். வாக்கியத்தின் தொடக்கத்தில், அதுவும் ஆபீஸ் கடிதத்தில், 'ஹிஸ் லீவிங்' என்று எழுதுவதுதான் பாதுகாப்பு. 'ஹிம் லீவிங்' அங்கே லுங்கியோடு கல்யாணத்துக்குப் போன மாதிரி.

ஆங், முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், விட்டுப்போச்சு. 'ஐ சா ஹிம் லீவிங்' இந்தச் சண்டையிலேயே சேராது. பார்த்தது அவனை, அவன் கிளம்பிக்கொண்டிருந்தான். அங்கே 'ஹிம்'தான். அதையும் 'ஹிஸ்' என்று திருத்துகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன், ஒருவர் எனக்கே டீச்சர்.

சரி, அரை மார்க்குக்கு வருகிறேன். பையன் மிஸ்ஸிடம் கேட்டானாம். "பரீட்சைக்கு 'மை'தான்" என்று சொல்லிவிட்டார்களாம். நான் போய்ப் பேசட்டுமா என்றால் அக்கா முறைக்கிறாள். அதனால் அவனுக்கு வேறு வழி சொல்லிக்கொடுத்திருக்கிறேன். 'ஹெர்' இருக்கிறதே, அது அவளை என்பதற்கும் அதுதான், அவளுடைய என்பதற்கும் அதுதான். 'டூ யூ மைண்ட் ஹெர் ஓபனிங் த விண்டோ?' ஃபௌலரே வந்தாலும் வட்டம் போட முடியாது. அடுத்த டெஸ்ட்டில் ஜன்னலைத் திறப்பது அவன் தங்கச்சி. ஐயோ, மழை தூறுகிறது, துணி!