1,900 ரூபாய் பரிசோதனையும் விசிலை விடாத புரதமும்

வணக்கம் நேயர்களே. அக்கி பற்றிய காணொளியின் இரண்டாம் பகுதியைத்தான் இன்று எதிர்பார்த்திருப்பீர்கள். ஒரு வாட்ஸ்அப் செய்தி அதைத் தள்ளிப்போட வைத்துவிட்டது. அக்கி தருவதும் ஹெர்பிஸ் என்னும் வைரஸ் குடும்பம், புற்றுநோய் தருவதும் ஹெர்பிஸ் என்று யாரோ எழுதிப் பரப்பியதை நம்பி, இடுப்பில் அக்கி வந்து வேளார் வீட்டில் அக்கி எழுதிக்கொண்ட என் ஆச்சி, யாரிடமும் சொல்லாமல் பாளையங்கோட்டையில் ஒரு பரிசோதனைக் கூடத்துக்குப் போய், அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த எப்ஸ்டீன்-பார் வைரஸுக்கு எதிராக உடல் உருவாக்கிய எதிர்ப்பொருளைக் காட்டும் ஐஜிஜி பரிசோதனைக்கு 1,900 ரூபாய் கட்டியிருக்கிறார். பாசிட்டிவ் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்ட தாளை என்னிடம் நீட்டி, "ஏட்டி, ரத்தத்துல கிருமி இருக்காம்லா!" என்று அழுதார்.

அந்த 1,900 ரூபாய் என் நெஞ்சை விட்டு இறங்க மறுக்கிறது. உலகில் வளர்ந்தவர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோரிடம் இந்த வைரஸ் இருக்கிறது. எனக்குப் பார்த்தாலும், உங்களில் பெரும்பாலோருக்குப் பார்த்தாலும் பாசிட்டிவ்தான் வரும். எப்போதோ எச்சில் வழியே வந்த வைரஸ் உடலில் தங்கிவிட்டது என்பதற்கு மேல் அந்தத் தாள் எதையும் சொல்வதில்லை. அதற்கு ஆச்சியின் ஒரு மாத மாத்திரைச் செலவு! போதாக்குறைக்கு, அறிக்கையை வீட்டில் கொண்டு தருவதற்கென்று 50 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். ஆச்சியோ நேரில் போய்த்தான் வாங்கி வந்தார்.

அக்கியைத் தருவது அதே குடும்பத்தின் வேறொரு வைரஸான சின்னம்மை வைரஸ். அது நரம்புத் திரளில் ஒளிந்துகொள்வது. ஹெர்பிஸ் குடும்பத்தில் புற்றுநோய்த் தொடர்பு உறுதியானவை எப்ஸ்டீன்-பாரும் கபோசி சார்க்கோமா வைரஸும்தான். அவையும் இருப்பதனாலேயே கெடுதல் செய்வதில்லை. அவற்றின் சில புரதங்கள் உயிரணுவின் செய்திப் பாதைக்குள் புகுந்துகொள்வதில்தான் வினை தொடங்குகிறது.

எதிர்ப்பொருள் உருவாக்கும் பி வெள்ளணுவின் சவ்வில், வெளியிலிருந்து செய்தி வாங்கும் சிடி40 என்ற ஏற்பி உண்டு. உதவி டி அணு என்ற இன்னொரு வெள்ளணு வந்து தொட்டால்தான், பிழைத்திரு, பெருகு என்ற செய்தி அதன் வழியே உள்ளே போகும். எப்ஸ்டீன்-பார் வைரஸின் எல்எம்பி1 புரதமோ அந்தச் சவ்வை ஆறு முறை ஊடுருவி அமர்ந்து, தன் இனத்தோடு தானே திரண்டு, வெளியிலிருந்து எதுவும் தொடாமலே, சிடி40 பயன்படுத்தும் செய்தி கடத்தும் அதே டிராஃப் புரதங்களைப் பிடித்து, அணுவைப் பிழைத்துப் பெருகச் செய்யும் என்எஃப்-கப்பா-பி பாதையை இடைவிடாமல் இயக்குகிறது. வேய்ந்தான்குளம் பேருந்து நிலையத்தில், ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் விசிலை வாயிலிருந்து எடுக்காத நடத்துநரை எண்ணிக்கொள்ளுங்கள். அதன் கூட்டாளியாக அதே வைரஸ் வைத்திருக்கும் எல்எம்பி2ஏ புரதம், கிருமியை இனங்காணும் ஆன்டிஜன் ஏற்பியை இழந்து சாக வேண்டிய பி அணுவுக்கும் உயிர்ச்செய்தி கொடுத்துக் காப்பாற்றிவிடுகிறது.

ஒன்றை விட்டுவிட்டேன். உகாண்டாவில் பணியாற்றிய டெனிஸ் பர்கிட் விவரித்த தாடைப் புற்றுக்கட்டியின் அணுக்களில் எப்ஸ்டீன்-பார் வைரஸை 1964-இல் கண்டறிந்தவர்கள் எப்ஸ்டீன், அச்சோங், பார் என்னும் மூவர். வைரஸின் பெயரில் அச்சோங்கை மட்டும் விட்டுவிட்டார்களே என்பதில் எனக்கு இன்றும் எரிச்சல்தான். அந்தக் கட்டியில் பெரும்பாலும் எல்எம்பி1 காணப்படுவதில்லை. அங்கே, அணுப்பெருக்கத்தைத் தூண்டும் மிக் என்ற நம் மரபணு இடம் மாறிப்போனதே முதன்மைக் காரணம். எல்எம்பி1-ஐ ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றிலும், மூக்குத்தொண்டைப் புற்றிலும் பார்க்கலாம்.

1994-இல் யுவான் சாங்கும் பாட்ரிக் மூரும் கண்டறிந்த கபோசி வைரஸ் இன்னும் பெரிய கள்ளன். அணுக்களுக்கிடையே செய்தி சொல்லும் இன்டர்லூக்கின்-6 என்ற நம் புரதத்தின் மரபணுவைப் போன்ற ஒன்றைத் தன்னிடம் வைத்திருக்கிறது. நம் புரதம் முதலில் தனக்குரிய ஏற்பியோடு சேர்ந்த பிறகே, செய்தியை அணுவுக்குள் அனுப்பும் ஜிபி130 என்ற சவ்வுப் புரதத்தை இயக்க முடியும். வைரஸினுடையது அந்த முதல் படி இல்லாமலே ஜிபி130-ஐ நேரே பிடித்துவிடும். இந்த நுட்பத்தை நான் வெறுக்கவும் முடியாமல் ரசித்துத் தொலைக்கிறேன்.

இவ்வளவு இருந்தும் பெரும்பாலோருக்குப் புற்று வராததற்கு, இத்தகைய அணுக்களை டி அணுக்கள் இனங்கண்டு அழித்துவிடுவது முக்கியமான காரணம். உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்குப் பின் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து எடுப்பவர்களுக்கும், எச்ஐவி உள்ளவர்களுக்கும் அந்தக் காவல் தளர்கிறது. உறுப்பு மாற்றியவர்களுக்கு ரத்தத்தில் எப்ஸ்டீன்-பார் டிஎன்ஏ அளவு ஏறுகிறதா என்று மருத்துவர் பார்க்கச் சொன்னால் அதில் பொருள் உண்டு. அது வேறு பரிசோதனை, ஐஜிஜி தாளைக் கொண்டு அதைக் கணிக்க முடியாது.