பழைய போர் ஜெட் மீண்டும் பறக்க வேண்டுமென்றால்

[காட்சி: ஹாக்கர் ஹண்டர் ஒன்று ஓடுபாதையில் வேகமெடுக்கிறது]

வணக்கம். 1950-களில் கட்டிய ஒரு போர் ஜெட், இன்றைக்கு ஒரு விமான சாகச நிகழ்ச்சியில் கூட்டத்துக்கு முன்னால் சீறிப் பாய்கிறது. அதைப் பறக்க வைக்க என்னென்ன வேலை நடந்திருக்க வேண்டும்? அதில் எது தவறினால் என்ன ஆகும்? அதைத்தான் பார்க்கப் போகிறோம். எனக்கு இந்த விமானங்கள் மேல் தீராத ஆசை உண்டு. அதனாலேயே இவற்றின் பராமரிப்பைப் பற்றிக் கறாராகப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

பழைய ஜெட் விற்பனைக்கு வரும்போது, "ரொம்பக் கொஞ்ச நேரம்தான் பறந்திருக்கிறது" என்று பெருமையாகச் சொல்வார்கள். அது நல்ல செய்திதான், ஆனால் பாதிச் செய்தி. பறந்த மணி நேரம் ஒரு கணக்கு, நாள்காட்டி இன்னொரு கணக்கு. கொட்டகையில் சும்மா நிற்கும் விமானத்துக்கும் வயதாகிறது. எண்ணெய் அழுத்தத்தால் பாகங்களை இயக்கும் ஹைட்ராலிக் குழாய்களில் உள்ள ரப்பர் சீல்கள் காய்ந்து வெடிக்கின்றன. மின்கம்பிகளின் மேலுறை நொறுங்கத் தொடங்குகிறது. என்ஜின் பேரிங்குகளில் இருந்த எண்ணெய்ப் படலம் வடிந்துபோக, அந்த இடத்தில் ஈரம் படிந்து துரு பிடிக்கிறது. மெக்னீசியக் கலவையில் செய்த பாகங்கள் இன்னும் மோசம், உள்ளுக்குள்ளேயே அரித்துப்போகும். டி ஹாவிலண்ட் வாம்பயர் போன்ற ஆரம்பகால ஜெட்டில் விமானி உட்காரும் பகுதியே மரத்தால் ஆனது. அங்கே பசை ஒட்டிய இடங்களையும் சோதிக்க வேண்டும்.

[காட்சி: இறக்கை இணையும் இடத்தின் அருகாமைக் காட்சி]

அடுத்தது உலோகச் சோர்வு. ஒரு கம்பியை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மடக்கினால் கடைசியில் ஒடியும் அல்லவா, அதேதான். ஒவ்வொரு முறை விமானி இறுக்கமாகத் திரும்பும்போதும் இறக்கையின் வேர்ப்பகுதி வளைந்து நிமிர்கிறது. ஆறு ஜி திருப்பத்தில், விமானத்தின் எடையைப் போல ஆறு மடங்கு சுமையை இறக்கை தாங்குகிறது. பல போர் விமானங்களில் இதை எண்ணுவதற்கென்றே ஒரு கருவி இருக்கும். எந்த அளவு சுமை எத்தனை தடவை வந்தது என்று அது குறித்துக்கொள்ளும். அந்தப் பதிவேடு முழுமையாக இல்லாத விமானத்தை வாங்குகிறவர், அதன் இறக்கையில் இன்னும் எவ்வளவு உயிர் மிச்சம் என்று தெரியாமல்தான் வாங்குகிறார். என்னைக் கேட்டால், காகிதம் இல்லாத விமானம் பறக்கக் கூடாது. பெயின்ட் எவ்வளவு பளபளத்தாலும் சரி.

விரிசலைக் கண்ணால் தேடினால் மட்டும் கிடைக்காது. பாகத்தின் மேல் ஊடுருவும் சாயத்தைத் தடவி, துடைத்து, விரிசலுக்குள் தங்கிய சாயம் வெளியே கசிகிறதா என்று பார்ப்பார்கள். சுழல் மின்னோட்டச் சோதனை, அல்ட்ராசவுண்ட், எக்ஸ்ரே எல்லாம் உண்டு. என்ஜினுக்குள் மெல்லிய கேமராக் குழாயை விட்டு, பிளேடுகளின் விளிம்பை ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். எண்ணெயை மாதிரி எடுத்து அதில் எந்த உலோகத்தின் துகள் கூடுகிறது என்று சோதித்தால், எந்த பேரிங் தேய்கிறது என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

இவ்வளவு செய்தும் ஒரு சின்னப் பொருள் எல்லாவற்றையும் கவிழ்த்துவிடும். 2012 மே மாதம், இங்கிலாந்தின் டான்காஸ்டரில், பறக்கும் நிலையில் இருந்த ஒரே வல்கன் குண்டுவீச்சு விமானமான எக்ஸ்ஹெச்558 புறப்பட ஓடியது. ஈரத்தை உறிஞ்சுவதற்காக வைத்த சிலிக்கா ஜெல் பைகள் என்ஜினுக்குக் காற்று நுழையும் வழியிலேயே எடுக்காமல் விடப்பட்டிருந்தன. ஒரு என்ஜின் அவற்றை விழுங்கியது. அது உடைந்து சிதறிய துண்டுகளைப் பக்கத்து என்ஜின் விழுங்கியது. இரண்டும் பாழ். விமானத்தைப் பாதுகாக்க வைத்த பொருளே அதற்கு வினையாகிவிட்டது. வைத்ததை எண்ணி எழுதுவதும், எடுத்ததை எண்ணிச் சரிபார்ப்பதும் இந்தத் தொழிலில் பெரிய விஷயம்.

[காட்சி: எஜெக்‌ஷன் சீட், சிவப்புப் பாதுகாப்பு ஊசிகளுடன்]

சரி, இப்போது எஜெக்‌ஷன் சீட். இதில் கொஞ்சம் நிற்கலாம். இந்த இருக்கைக்குள் வெடிமருந்து கார்ட்ரிட்ஜ்கள் இருக்கின்றன. விமானி கைப்பிடியை இழுத்ததும் அவை வரிசையாக வெடித்து, ஆளை இருக்கையோடு மேலே தூக்கி எறிந்து, பாராசூட்டை விரிக்கும். மார்ட்டின்-பேக்கர் நிறுவனத்தின் இருக்கைகள் மட்டுமே 7,000-க்கும் அதிகமான உயிர்களைக் காப்பாற்றியிருக்கின்றன. ஆனால் வெடிமருந்துக்குக் காலாவதித் தேதி உண்டு. அலமாரியில் இருந்தால் ஓர் ஆயுள், இருக்கையில் பொருத்திவிட்டால் வேறோர் ஆயுள். பழைய இருக்கைகளுக்குப் புது கார்ட்ரிட்ஜ் கிடைப்பது வர வரக் கடினமாகிறது.

இருக்கை மட்டும் வேலை செய்தால் போதாது. பல விமானங்களில் அதற்கு முன் தலைக்கு மேல் இருக்கும் கண்ணாடி மூடி கழன்று பறக்க வேண்டும். 2009 நவம்பரில் தென்னாப்பிரிக்காவின் ஓவர்பெர்க்கில் நடந்த நிகழ்ச்சியில், ஓர் இங்கிலீஷ் எலெக்ட்ரிக் லைட்னிங் போர் ஜெட்டின் பின்பகுதியில் தீப்பிடித்து, ஹைட்ராலிக் அழுத்தமும் போனது. விமானி வெளியேற முயன்றார். மூடி கழலவில்லை. அவர் விமானத்தோடு விழுந்து இறந்தார். ஆண்டுக்கணக்காக யாரும் பயன்படுத்தாத ஒரு பாகம், தேவைப்படும் அந்த ஒரே நொடியில் வேலை செய்தாக வேண்டும். பழைய ஜெட் பராமரிப்பில் என்னை மிகவும் பயமுறுத்துவது இதுதான்.

மீட்புப் பணியாளர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். விபத்துக்குப் பிறகு வெடிக்காமல் கிடக்கும் இருக்கை, உதவிக்கு ஓடி வருகிறவரையே கொல்லக்கூடும்.

[காட்சி: ஏ27 சாலையின் வரைபடம்]

2015 ஆகஸ்ட் 22 அன்று இங்கிலாந்தின் ஷோரம் நிகழ்ச்சியில் இந்தக் கவலை நேரடியாக எழுந்தது. ஹாக்கர் ஹண்டர் டி7 ஒன்று லூப் அடித்து, அதாவது வானில் செங்குத்தாக ஒரு வட்டம் போட்டு, கீழே வரும்போது மேலெழ முடியாமல் ஏ27 சாலையில் மோதியது. 11 பேர் இறந்தார்கள். அவர்களில் வெறுமனே காரில் போய்க்கொண்டிருந்தவர்களும் உண்டு. விமானி பலத்த காயத்தோடு பிழைத்தார்.

விசாரணையாளர்கள் விமானத்தைப் பிரித்துப் பார்த்தபோது இருக்கை கார்ட்ரிட்ஜ்களின் காலாவதி உட்பட பராமரிப்பில் பல குறைகள் தெரிந்தன. ஆனால் விபத்துக்கு நேரடிக் காரணம் அவை அல்ல. லூப்பைத் தொடங்கும்போது 350 நாட் (மணிக்கு ஏறக்குறைய 650 கி.மீ.) வேகம் இருந்திருக்க வேண்டும், இருந்தது ஏறக்குறைய 310. உச்சியில் குறைந்தது 3,500 அடி உயரம் வேண்டும், விமானம் எட்டியது ஏறக்குறைய 2,700 அடி. அந்த உச்சியிலேயே லூப்பைக் கைவிட்டு உருண்டு வெளியேறியிருக்க முடியும் என்பதைச் சோதனைப் பறப்புகள் காட்டின. விமானி வேறு வகை ஜெட்டும் ஓட்டுகிறவர். அதற்குரிய உயரம் மனதில் வந்திருக்கலாம் என்பது அறிக்கை சொன்ன சாத்தியங்களில் ஒன்று.

வேறு வேறு பழைய ஜெட்களை மாற்றி மாற்றி ஓட்டுகிறவர்கள் இந்தத் துறையில் நிறையப் பேர். ராணுவத்தில் ஒரு விமானி ஒரே வகையில் வாரத்துக்குப் பல முறை பறப்பார். இங்கே ஒரு பருவத்துக்குச் சில மணி நேரம் கிடைத்தாலே அதிகம். 1972-ல் கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோவில், ஒரு சேபர் ஜெட் புறப்படும்போது மூக்கை அளவுக்கு மீறி உயர்த்தியதால் மேலெழாமல், ஓடுபாதையைத் தாண்டி ஓர் ஐஸ்கிரீம் கடைக்குள் புகுந்து 22 பேரைக் கொன்றது. அந்த விமானிக்கு அந்த வகையில் அனுபவம் மிகக் குறைவு. அதனால் விமானியின் பயிற்சிப் பதிவேட்டையும் பராமரிப்புப் பதிவேட்டுக்குச் சமமாக வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

ஷோரத்துக்குப் பின், பிரிட்டனில் பழைய ஜெட்கள் நிலத்தின் மேல் சாகசம் செய்யத் தடை வந்தது. அப்போது சும்மா கடந்து போகும் பறப்புக்கு மட்டும் அனுமதி இருந்தது. கூட்டத்திலிருந்து விலக வேண்டிய தூரமும் கூடியது.

வல்கன் என்ன ஆனது? அதே 2015 அக்டோபரில் அது கடைசியாகப் பறந்தது. திடீரென்று பழுதாகி நிற்கவில்லை. பிஏஇ சிஸ்டம்ஸ், மார்ஷல், ரோல்ஸ்-ராய்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களும் இனித் தொழில்நுட்பப் பொறுப்பை ஏற்க முடியாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டன. அந்த வகையை நன்கு அறிந்த பொறியாளர்கள் ஓய்வுபெற்றுக்கொண்டிருந்தார்கள். வரைபடம் இருக்கும், கருவி இருக்கும், ஆனால் "இந்தச் சத்தம் சரியில்லை" என்று சொல்லும் ஆள் இருக்க மாட்டார். அந்த முடிவு எனக்கு வருத்தம் தந்தது. ஆனாலும் அது சரியான முடிவு.

தரையிலேயே ஓட்டிக் காட்டினால் போதுமே என்று சிலர் கேட்பார்கள். அதுவும் நல்ல வழிதான், பல விமானங்கள் அப்படித்தான் உயிரோடு இருக்கின்றன. ஆனால் அதற்கும் இதே கவனம் வேண்டும். 2009-ல் புருண்டிங்தோர்ப் ஓடுபாதையில், தரையில் வேகமாக ஓடிக் காட்ட வேண்டிய விக்டர் விமானம் ஒன்று தவறுதலாக மேலெழுந்துவிட்டது. வேகத்தைக் குறைக்க வேண்டிய நேரத்தில் என்ஜின்கள் முழு விசையிலேயே இருந்தன. பறக்கும் அனுமதியே இல்லாத விமானம் அது. விமானி அதைச் சில நொடிகளில் மறுபடி தரையில் இறக்கியதால் யாருக்கும் காயம் இல்லை.