கண்ணாடிக்கு அடியில் இருந்த வெள்ளை போயே போய்விட்டது!

வணக்கம் மக்களே! இருங்கள், காமிராவைக் கிட்டே கொண்டுவருகிறேன். தெரிகிறதா? போன இரண்டு வீடியோவிலும் புலம்பிக்கொண்டே இருந்தேனே, கண்ணாடியும் மணியும் பதித்து நான் செய்துகொண்டிருக்கும் ஓவியம், அதே நீலப் பலகைதான். நடுவில் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சைக் கண்ணாடி, சுற்றிலும் பாசிமணி. அந்தக் கண்ணாடிக்கு அடியில் பாலை ஊற்றி வைத்ததுபோல ஒரு வெள்ளை, 24 நாளாக அப்படியே கிடந்தது. காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அதைத்தான் போய்ப் பார்ப்பேன். ஓரத்தில் மட்டும் ஒரு விரல்கடை தெளிந்திருக்கும், நடுவில் துளி மாற்றம் இருக்காது.

காரணம் கண்ணாடி இல்லை, அதை ஒட்ட நான் போட்ட ஜெல். அக்ரிலிக் ஜெல் ஈரமாக இருக்கிறவரை வெள்ளையாகத்தான் இருக்கும், அதிலிருக்கும் தண்ணீர் ஆவியாகிப் போனால்தான் தெளியும். மேலே கண்ணாடி, கீழே நானே இரண்டு கோட் சீலர் (மரத்தின் துளைகளை அடைக்கும் பூச்சு) அடித்து அடைத்த மரப்பலகை, அப்புறம் தண்ணீர் எந்த வழியாகப் போகும்? ஓரம் வழியாகத்தான் போகவேண்டும், அந்த ஓரமும் முதலில் காய்ந்து வழியை மூடிவிடுகிறது. இத்தனைக்கும் பக்கத்தில் அதே ஜெல்லில் பதித்த 11/0 அளவுப் பாசிமணிகள் ஒன்றுகூட அசையாமல் பளிச்சென்று இருக்கின்றன. அவை சுமார் 2 மி.மீ. தான், சுற்றிலும் காற்றுப் படுகிறது, ஜெல் காய்ந்துவிடுகிறது. (புதிதாகப் பார்ப்பவர்களுக்கு: எண் கூடக் கூட மணி சின்னதாகும், 15/0 இதைவிடப் பொடி.)

சரி, என்ன செய்தேன்? தட்டையான கத்தியை ஓரத்தில் நுழைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நெம்பி, கண்ணாடியை உடையாமல் எடுத்தேன். நடுவில் ஜெல் இன்னும் கொழகொழவென்று இருந்தது! எல்லாவற்றையும் சுரண்டித் துடைத்துவிட்டு, இரண்டு பாகமாகக் கலக்கும் எபாக்ஸிப் பசையைப் போட்டேன். அதில் ஆவியாகிப் போகத் தண்ணீரே கிடையாது, இரண்டும் ஒன்றோடொன்று வினைபுரிந்து இறுகுகிறது. கண்ணாடியைத் தட்டையாக அப்படியே வைக்காமல் ஒரு பக்கத்தை முதலில் தொடவைத்து மெதுவாகச் சாய்த்தேன், காற்றுக்குமிழி எல்லாம் மறுபக்கம் வெளியே போய்விட்டது.

இப்போது பாருங்கள், அடியில் மாடலிங் பேஸ்ட்டில் (மேடுபள்ளம் செய்யப் பூசும் கெட்டியான பசை) சீப்பால் இழுத்த கோடுகள் ஒவ்வொன்றும் தெரிகிறது. விளக்கை இந்தப் பக்கம் நகர்த்தினால் கோட்டின் நிழலும் கூடவே நகர்கிறது. இதற்காகத்தான் நான் கண்ணாடி வைப்பதே! கிளிட்டர் தூவினால் போதாதா என்று எழுதுகிறீர்கள், எனக்கு அது ஆகவே ஆகாது. கிளிட்டர் மேலோடு மினுக்கும், கண்ணாடிக்குள் ஆழம் இருக்கிறது.

ஐயோ, முக்கியமானதை விட்டுவிட்டேன். எபாக்ஸி கலக்கும்போது கையுறை போடுங்கள், ஜன்னலைத் திறந்துவையுங்கள். வெயில் பட்டால் நாளாவட்டத்தில் அது மஞ்சளாகும், பச்சைக் கண்ணாடிக்கு அடியில் அது அவ்வளவாகத் தெரியாது, நிறமில்லாத கண்ணாடி என்றால் யோசித்துச் செய்யுங்கள். கண்ணாடி ஓரத்தைத் தேய்ப்பதானால் தண்ணீர் விட்டுத்தான் தேய்க்கவேண்டும், அந்தத் தூள் மூச்சில் போகக்கூடாது.

அந்த மாடலிங் பேஸ்ட்டும் ஒரே தடவையில் அப்பியது இல்லை. மூன்று மெல்லிய பூச்சு, ஒன்று காய்ந்த பிறகுதான் அடுத்தது. காயும்போது அது சுருங்கும், தடிமனாக அப்பினால் வெடிக்கும். கேன்வாஸில் செய்யாமல் பலகையில் செய்ததும் அதனால்தான், துணி தளர்ந்து ஆடினால் இத்தனை கனத்தை எது தாங்கும்?

ஊதா மணிகளை மட்டும் இன்னும் ஒட்டவில்லை. சாயம் ஏற்றிய மணியோ என்று சந்தேகம், போன தடவை அப்படி ஒன்று வெளிறி என் ஒரு மாத வேலையைக் கெடுத்தது. பாதியை அலுமினியத் தாளில் சுற்றி, பாதியைத் திறந்தபடி, ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். அடுத்த வீடியோவில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன், நிறம் நின்றால் அன்றைக்கே ஒட்டிவிடுவோம்.