டிரம்மை மறைக்க வேணாம், கருப்படிச்சா போதும்

வணக்கம் மக்களே. கேமராவைக் கொஞ்சம் கீழ இறக்குறேன், இருங்க. இந்த ஸ்போக் சந்துல பாருங்க. பாழுங்கிணத்துல இருந்து தூக்குன வாளி மாதிரி ஒண்ணு தெரியுதா? அதான் என் பின் பிரேக் டிரம்.

கார் ஷோவுக்குப் போற வண்டி. பெயிண்ட் முகம் பார்க்கலாம் போல இருக்கு, முன்னாடி டிஸ்க் பிரேக்கோட தட்டும் அதைக் கவ்வற கேலிப்பரும் மின்னுது. பின்னாடி இந்தக் கோலம். முன்ன வீல் கப் மூடியிருந்ததால யாருக்கும் தெரியல. 17 இஞ்ச் அலாய் வீல் மாட்டினேன், குட்டு வெளிப்பட்டுடுச்சு. டிரம் வார்ப்பிரும்புங்க, தண்ணி பட்டா ராத்திரியோட ராத்திரியா செம்பழுப்பு ஏறிடும்.

டிஸ்க் மாதிரி வெட்டின தகட்டை டிரம் மேல மாட்டிடலாமேன்னு கேப்பீங்க. எனக்குப் பிடிக்காது. குனிஞ்சு பார்க்கிறவன் ரெண்டு செகண்ட்ல கண்டுபிடிச்சுடுவான். அது போக டிரம்மோட சூடு வெளிப்பக்கமாத்தான் காத்துல போகணும், அதைப் போய் மூடுவானேன்? ஒரு வேடிக்கை தெரியுமா, 1950கள் கடைசில பியூக் கார் முன் சக்கரத்துல வெளிப்பக்கம் வரிவரியா துடுப்பு வச்ச அலுமினிய டிரம் வந்துச்சு. பழைய காரை வேகத்துக்காக மாத்திக் கட்டற ஹாட் ராட் ஆளுங்களுக்கு அது மேல அவ்வளவு பைத்தியம். இன்னிக்கு டிஸ்க்கை மறைச்சு, அந்த டிரம் மாதிரி தெரியற கவர் போடறவங்க இருக்காங்க! நாம எதுக்கு வெக்கப்படணும்?

சரி, கழட்டுவோம். முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தாச்சு, வண்டி ஸ்டாண்ட் மேல நிக்குது, ஹேண்ட் பிரேக்கை விட்டாச்சு. டிரம் வரமாட்டேன்னு அடம்பிடிச்சா சுத்தியலால போட்டு விளாசாதீங்க. இந்த முகத்துல மரை போட்ட ரெண்டு ஓட்டை தெரியுதா? நிறைய கார்ல இருக்கும். ரெண்டுலயும் போல்ட் விட்டு மாத்தி மாத்தி முறுக்குங்க. அதுவே தள்ளிக்கிட்டு வெளிய வரும்... டக். வந்துடுச்சு.

உள்ள இருக்கற தூசியைக் காத்தடிச்சு ஊதாதீங்க. டிரம் உள்ள உரசி நிறுத்தற பிரேக் ஷூ பழசா இருந்தா அதுல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். மாஸ்க் போட்டு, பிரேக் கிளீனரால நனைச்சுத் துடைங்க. அப்படியே டிரம்ல வார்த்திருக்கற அதிகபட்ச விட்டத்தையும் பாருங்க. உள்பக்கம் அதைத் தாண்டித் தேஞ்சிருந்தா பெயிண்ட் அடிக்கறது வீண், புது டிரம் வாங்குங்க.

வயர் பிரஷ், உப்புத்தாள், திரும்ப கிளீனர். இதுல பேச ஒண்ணும் இல்ல, கை வலிக்கும், அவ்வளவுதான். ஓரத்துல ஒரு சின்னத் துண்டு வெல்டு பண்ணியிருந்தா அது பேலன்ஸ் வெயிட், அதைத் தேய்ச்சு எடுத்துடாதீங்க.

இப்ப கிட்ட வாங்க. வீல் வந்து உக்கார்ற இந்தத் தட்டை முகம், நடுவுல இந்த ஹப் ஓட்டை, உள்ள ஷூ உரசுற சுவர். மூணுக்கும் மாஸ்கிங் டேப். முதல் தடவை நான் அந்த முகத்துலயும் சேர்த்து அடிச்சுட்டேன், சும்மா அழகா இருக்கட்டுமேன்னு. கொஞ்ச நாள் ஓட்டினதும் வீல் நட்டுல ஸ்பேனர் வச்சா லூசு! நடுவுல இருந்த பெயிண்ட் நசுங்கி, இறுக்கம் போயிடுச்சு. வயித்தைக் கலக்கிடுச்சுங்க. அன்னில இருந்து அங்க வெறும் இரும்புதான்.

கலர் விஷயத்துல நானும் சிவப்பு ஆசைப்பட்டவன்தான். பெரிய வீலுக்குள்ள சின்ன டிரம், அதுல சிவப்பு... தகர டப்பா தொங்கற மாதிரி இருந்துச்சு. அதான் இந்தத் தடவை ரொம்ப மின்னாத சாட்டின் கருப்பு. சூடு தாங்கற கேலிப்பர் பெயிண்ட், மெல்லிசா மூணு கோட். ஒரே மூச்சுல அடிச்சா வழியும். பின்னாடி இருக்கற பேக் பிளேட்டுக்கும் இதே கருப்பு, ஆனா ஷூ மேல ஒரு துளி படக்கூடாது. எவ்வளவு நேரம், எவ்வளவு சூட்டுல காயணும்னு கேன்லயே போட்டிருக்கும், அதை மீறாதீங்க.

மாட்டியாச்சு. பெடலை நாலு தடவை மிதிச்சு, ஹேண்ட் பிரேக் பிடிக்குதா பார்த்து, மெதுவா ஒரு சுத்து போயிட்டு வந்துட்டேன். வீல் நட்டு சரியான இறுக்கத்துல (டார்க்) இருக்கான்னு நாளைக்கு இன்னொரு தடவை பார்க்கணும்.

இதோ, அதே ஸ்போக் சந்து. டார்ச்சை அணைக்கிறேன்... டிரம் எங்கன்னு தேடிப் பாருங்க.