லாட் நம்பர் இல்லாத லாக் வரி

வணக்கம் நண்பர்களே, திருப்பூரிலிருந்து பேசுகிறேன். பின்னால் கேட்பது கீழ்த்தளத்துத் தையல் மெஷின்களின் சத்தம். ஜன்னலைச் சாத்தியும் நிற்கவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். செயலி ஓடும்போது நடப்பதை வரிவரியாகக் கோப்பில் குறித்துவைப்பதுதான் லாகிங், அந்தக் குறிப்புதான் லாக். ஜாவாவில் எழுதும் இணையச் செயலிக்கு எந்த லாகிங் நூலகத்தை எடுப்பது, எடுத்தபின் எதைச் சரிசெய்வது என்பதுதான் இன்றைய பேச்சு.

பனியன் கம்பெனி ஒன்றுக்கு டெலிவரி சலான் போடும் செயலி எழுதிக் கொடுத்திருந்தேன். ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு அங்கிருந்து போன். "தம்பி, சாயப்பட்டறைக்குப் போகிற வண்டி கேட்டிலேயே நிற்கிறது, சலான் வரமாட்டேன் என்கிறது." சர்வரில் நுழைந்து பார்த்தால் டிஸ்க் நிறைந்து கிடந்தது. சோதனைக்காக வைத்த டீபக் நிலையை, அதாவது சின்னச் சின்ன விவரத்தையும் லாகில் எழுதும் நிலையை, நான் மாற்றவே இல்லை. தரவுத்தளத்துக்குப் போகும் ஒவ்வொரு எஸ்க்யூஎல் வரியும் ஒரே லாக் கோப்பில் மாதக்கணக்கில் குவிந்து 38 ஜிபி ஆகியிருந்தது. தரவுத்தளமும் அதே டிஸ்க்கில்தான். எழுத இடமின்றி அதுவும் நின்றுவிட்டது. அந்த டிரைவர் ஒரு மணி நேரம் காத்திருந்தார். அது என் தவறு, இன்றும் உறுத்துகிறது.

எதை எடுப்பது? உங்கள் கோடு எஸ்எல்எஃப்4ஜே என்ற முகப்பை மட்டும் அழைக்கட்டும். அதன் பின்னால் உண்மையில் லாக் எழுதும் நூலகமாக லாக்பேக்கும் இருக்கலாம், லாக்4ஜே 2-உம் இருக்கலாம். பிறகு மாற்றினாலும் கோடைத் தொட வேண்டியதில்லை. ஜாவா செயலி கட்டும் சட்டகமான ஸ்பிரிங் பூட் என்றால் லாக்பேக் தானாகவே வந்துவிடும். அதிலேயே இருங்கள் என்பேன். லாக்4ஜே 2 வைத்திருப்பவர்கள் பதிப்பைப் பாருங்கள். 2021 டிசம்பரில் வெளிவந்த லாக்4ஷெல் ஓட்டையில், பயனர் தட்டச்சு செய்த ஒரு சரத்தை லாகில் எழுதினாலே போதும், சர்வர் வெளியிலிருந்து நிரலை இழுத்து ஓட்டும் நிலை இருந்தது. 2.17.1-க்குக் கீழே இருக்காதீர்கள். லாக்4ஜே 1-க்கு 2015 ஆகஸ்டோடு ஆதரவு முடிந்துவிட்டது, அதை எடுத்துவிடுங்கள்.

இரண்டு நூலகங்களும் சேர்ந்து கிடந்தால் எஸ்எல்எஃப்4ஜே தொடக்கத்திலேயே எச்சரித்துவிட்டு ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளும். நீங்கள் மற்றொன்றின் அமைப்புக் கோப்பைத் திருத்திக்கொண்டே இருப்பீர்கள், எதுவும் மாறாது.

அடுத்து, லாக் கோப்பைச் சுழற்றுவது, அதாவது ஒன்று நிறைந்ததும் புதிதைத் தொடங்கிப் பழையதை அழிப்பது. லாக்பேக்கில் நான் வைத்திருப்பது: ஒரு கோப்பு 50 எம்பி, பழைய கோப்புகளை எத்தனை நாள் வைப்பது என்ற மேக்ஸ்ஹிஸ்டரி 30 நாள், அவற்றின் மொத்த அளவுக்கு வரம்பான டோட்டல்சைஸ்கேப் 3 ஜிபி. கடைசியாகச் சொன்னதுதான் டிஸ்க்கைக் காப்பாற்றுவது. ஆனால் மேக்ஸ்ஹிஸ்டரி இல்லாமல் அது வேலை செய்யாது, இரண்டையும் எழுதுங்கள். கடவுச்சொல், ஓடிபி இரண்டும் எந்த நிலையிலும் லாகில் வரக்கூடாது.

இனி, நான் மிகவும் மதிக்கும் விஷயம். நம் ஊரில் துணி நிட்டிங்கிலிருந்து சாயப்பட்டறைக்கும், அங்கிருந்து துணியைச் சுருக்கிப் பதப்படுத்தும் காம்பேக்டிங்குக்கும் போகும்போது, அது எந்தத் தொகுதி என்று காட்டும் லாட் நம்பர் கூடவே போகும். சாயம் திட்டுத் திட்டாக இருந்தால் எந்த லாட் என்று உடனே தெரியும். லாகிலோ, "சலான் சேமிக்க முடியவில்லை" என்று ஐந்து வரி வந்திருக்கும். ஒரே நேரத்தில் இருபது பேர் பதிவு போடும்போது எது யாருடையது? ஒவ்வொரு லாக் வரியோடும் ஓர் அடையாளத்தைச் சேர்க்கும் எம்டிசி என்ற வசதி அதற்குத்தான். பயனரின் கோரிக்கை உள்ளே வரும்போதே, அது முதலில் கடக்கும் ஃபில்டர் என்ற கோடில் ஓர் எண்ணை எம்டிசியில் போட்டு, லாக் வரியின் வடிவத்தைச் சொல்லும் பேட்டர்னில் அதைச் சேர்த்துவிட்டால், "[கோரிக்கை 80417] [சலான் 4518] சேமிக்க முடியவில்லை" என்று வரும். அந்தக் கோரிக்கை எண்ணைத் தேடினால் அந்த ஒருவருடைய முழுப் பயணமும் வரிசையாகக் கிடைக்கும்.

வேலை முடிந்ததும், பிழை வந்தாலும் கட்டாயம் ஓடும் ஃபைனலி பகுதியில் அந்த எண்ணை எம்டிசியிலிருந்து அழித்துவிடுங்கள். கோரிக்கையைச் செய்து முடிக்கும் வேலையாள் போன்றது த்ரெட்; சர்வர் அதே த்ரெட்டை அடுத்தவருக்கும் கொடுக்கும். அழிக்காவிட்டால் நேற்றைய லாட் அட்டையோடு இன்றைய துணி போன கதைதான். அதேபோல, மெயில் அனுப்பும் வேலையை வேறொரு த்ரெட்டிடம் ஒப்படைத்தால் எண் தானாகப் போகாது. எம்டிசியை நகலெடுத்து அந்த த்ரெட்டில் நீங்களே வைக்க வேண்டும். என் செயலியில் அந்த இடம் மட்டும் இன்னும் பாக்கி. இந்தப் பதிவை ஏற்றிவிட்டு அதைத்தான் எழுதப்போகிறேன்.