வெந்நீர் அடுப்பும் வீட்டுக் காற்றும்

நேயர்களுக்கு வணக்கம்.

கிராமத்தில் எந்த வீட்டில் கேட்டாலும் "எங்க வீட்ல கேஸ்தான்" என்றுதான் பதில் வரும். அடுப்படியிலும் கேஸ் அடுப்புதான் இருக்கும். கொல்லைப்பக்கம் போனால்தான் மூன்று கல்லும், கரி பிடித்த வெந்நீர்த் தவலையும் கண்ணில் படும். காலையில் குளிக்க வெந்நீர், மாட்டுக்குக் கஞ்சி, நெல் அவிப்பது எல்லாம் அங்கேதான். அந்தப் புகை பின்வாசல் வழியாகவும் ஓட்டு இடுக்கு வழியாகவும் வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். விறகுப் புகையில் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் உண்டு. தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இருக்காது. மூக்கிலும் தொண்டையிலும் சிக்காமல் நுரையீரலின் அடிவரை போய்விடும். ஒரு கன மீட்டர் காற்றில் இந்தத் துகள் ஒரு நாள் சராசரியாக 15 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். விறகு எரியும் இடத்தில் அது பல நூறைத் தொடும். 600 என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்றில் ஒரே ஒரு மணி நேரம் நின்றால், 24 மணி நேரத்துக்குப் பரப்பிப் பார்த்தாலும் சராசரி 25 ஆகிவிடுகிறது. மீதி 23 மணி நேரமும் மாசே இல்லாத காற்றைச் சுவாசித்தாலும் வரம்பு தாண்டியாயிற்று. கேஸ் இணைப்பு வந்த பிறகும் இருமல் நிற்காததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பிறகு ஏன் இன்னும் விறகு? ஒரு வாளி, அதாவது 20 லிட்டர் தண்ணீரைக் குளிக்கும் சூட்டுக்குக் கொண்டுவர கேஸ் அடுப்பில் ஏறக்குறைய 40 கிராம் எரிவாயு செலவாகும். நான்கு பேர் குளித்தால் மாதம் 5 கிலோவை நெருங்கும். 14.2 கிலோ சிலிண்டரில் மூன்றில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். வேலியோரச் சீமைக்கருவேல விறகுக்கோ காசில்லை. கேஸை மிச்சம் பிடிக்கும் பெண்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை; அந்தக் கணக்கு நியாயமானது. ஆகவே வெந்நீருக்கு வேறு வழிதான் தேட வேண்டும்.

1500 வாட் தண்ணீர் சூடேற்றும் ராடு அதே ஒரு வாளியை கால் மணி நேரத்தில் காய்ச்சிவிடும். நான்கு வாளிக்கு ஏறக்குறைய ஒன்றரை யூனிட் ஆகும். பிளாஸ்டிக் வாளியையே பயன்படுத்துங்கள். சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரில் கை வைக்க வேண்டும். சாயங்காலக் குளியலுக்கு இன்னும் எளிய வழி உண்டு: கறுப்புப் பெயின்ட் அடித்த தகர டிரம்மை மூடிபோட்டு மொட்டைமாடி வெயிலில் வைத்துவிடுங்கள்.

விறகை விடவே முடியாத வீடுகள் உண்டு. அங்கே புகையைக் குறைக்கலாம். பச்சை விறகுதான் முதல் எதிரி. அதிலுள்ள ஈரம் ஆவியாகவே சூட்டில் ஒரு பகுதி போய்விடும். தீ ஆறி, புகை கிளம்பும். இரண்டு கட்டையைத் தட்டிப் பாருங்கள். 'டக்' என்று கணீரென ஒலித்தால் காய்ந்தது, 'தொப்' என்றால் ஈரம். மணிக்கட்டுப் பருமனுக்கு மேல் போகாமல் பிளந்து, கூரைக்கடியில் அடுக்கிவையுங்கள். அடுப்பு வாயை அடைக்கிற மாதிரி விறகைத் திணித்தால் காற்று போகாது. சாம்பலை அன்றாடம் அள்ளிவிடுங்கள். பற்றவைக்கப் பால் பாக்கெட்டையும் பாலிதீன் பையையும் போடும் வழக்கத்தை மட்டும் இன்றே விட்டுவிடுங்கள், அதன் புகை விறகுப் புகையைவிடக் கொடியது. தென்னம்பாளையும் பன்னாடையும் போதும். வேலை முடிந்ததும் கொள்ளிக்கட்டை புகைந்துகொண்டே கிடக்கும். தண்ணீர் தெளித்தால் இன்னும் புகையும், மறுநாள் விறகும் ஈரம். வெளியே இழுத்து மணலில் புதையுங்கள்.

புகைபோக்கி வைப்பவர்கள் 4 அங்குலக் குழாயை நேராக, கூரைக்கு மேல் 2 அடியாவது எழும்பும்படி விடவேண்டும். குறுக்கே படுக்கவிட்டால் வளைவில் கரி அடைத்து, புகை அடுப்படிக்கே திரும்பும். மாதம் ஒருமுறை குச்சியில் துணி கட்டிக் கரியைத் தட்டிவிடுங்கள்.

கேஸுக்கு மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவும் நான் தயாராக இல்லை. குவாதமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா என நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. இந்தியாவில் அது நடந்தது நம் தமிழ்நாட்டுக் கிராமங்களில்தான். பாதிப் பேருக்கு அடுப்பும் எரிவாயுவும் 18 மாதம் இலவசமாகக் கொடுத்தார்கள். அவர்கள் சுவாசித்த நுண்துகள் 24 மைக்ரோகிராம் அளவுக்கு இறங்கியது; விறகு வீடுகளில் 70. ஆனாலும் 2022-ல் வந்த முடிவில் குழந்தைகளின் பிறப்பு எடையில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. கர்ப்பமான பிறகு மாறியது தாமதமாக இருக்கலாம். 24 என்பதே அதிகமாகவும் இருக்கலாம். தெருவில் எரியும் குப்பையும் பக்கத்து வீட்டு அடுப்பும் நம் காற்றில்தான் கலக்கின்றன. ஒரு கொசுவத்திச் சுருள் எரிந்து முடியும்போது வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-ல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. ராத்திரி முழுக்க ஜன்னலை மூடிச் சுருள் வைப்பதைவிடக் கொசுவலை எவ்வளவோ மேல்.

நீலகிரி, கொடைக்கானல் பக்கம் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குளிருக்குக் கரி மூட்டிய கணப்பை மூடிய அறைக்குள் வைத்துத் தூங்கவே கூடாது. கரியில் புகை தெரியாது. கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு வாசனையும் கிடையாது. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தைப் பற்றிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், மயக்கம் என்றால் உடனே ஆளை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 108-ஐ அழையுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 காட்டினாலும் நம்பாதீர்கள். அந்த நஞ்சையும் அது ஆக்சிஜன் என்றே எண்ணிக் காட்டும்.

கடைசியாக, நாற்பது தாண்டிய அம்மாக்களுக்கு. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, காலையில் சளியோடு இருமல் என்று மருத்துவரிடம் போகிறீர்கள். "புகை பிடிக்கிற பழக்கம் உண்டா?" என்று அவர் கேட்பார், "இல்லை" என்பீர்கள், பேச்சு அதோடு முடிந்துவிடும். அங்கே நிறுத்தாதீர்கள். எத்தனை வருடம் விறகடுப்பில் சமைத்தீர்கள், நாளுக்கு எத்தனை மணி நேரம் என்பதைச் சொல்லுங்கள். குழாயில் ஊதி நுரையீரலின் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி என்ற பரிசோதனை இருக்கிறது. அது தேவையா என்று நீங்களே கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.