விரலுக்கு ஒரு படம்

ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம்.

தேர்வில் பார்வையற்ற மாணவர்களுக்குப் படக் கேள்விக்குப் பதிலாக வேறு கேள்வி தருகிற சலுகை உண்டு. சரி, தேர்வுக்கு அது இருக்கட்டும். அதைச் சாக்காக வைத்து வகுப்பிலும் படத்தைத் தாண்டிப் போய்விடுகிறோமே, அதுதான் என் வருத்தம்.

தாண்டாதவர்கள் என்ன செய்கிறார்கள்? புத்தகப் படத்தை அப்படியே மேடாக்கிக் கொடுக்கிறார்கள். பிள்ளை தடவிவிட்டுச் சும்மா இருக்கிறது. கண்ணுக்கு முழுப் படமும் ஒரே நொடியில் கிடைத்துவிடும். விரலோ துண்டு துண்டாகத் தொட்டு, தொட்டதையெல்லாம் நினைவில் வைத்து, மனதுக்குள் சேர்க்க வேண்டும். விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்தான பிரெயிலில் ஓர் எழுத்தின் புள்ளிகளுக்கு நடுவே சுமார் 2.5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது. அதைவிட நெருக்கமாகக் கோடுகளை அடுக்கினால் வெறும் சொரசொரப்புதான் மிஞ்சும்.

மேசைப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பலகை சாய்ந்திருக்கும், பின்கால்கள் குட்டையாக இருக்கும், ஒரு கால் மறைந்தே போயிருக்கும். கையால் மேசையை அறிந்த பிள்ளைக்கு நான்கு காலும் ஒரே உயரம். 'இது உடைந்த மேசையா?' என்று கேட்டால் கேள்வி நியாயமானதே! மேலிருந்து ஒரு படம், பக்கத்திலிருந்து ஒரு படம் என்று பிரித்துக் கொடுங்கள். எது எந்தப் பக்கம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

படத்துக்கு முன்னால் பொருள் வர வேண்டும். ஒரு கொய்யாவை முழுசாகக் கையில் கொடுங்கள். குறுக்கே வெட்டி, வெட்டிய முகத்தையும் நடுவில் இருக்கும் விதைகளையும் தொடவிடுங்கள். அப்புறம் ரப்பர் பலகைமேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்து, பாதிப் பழத்தைக் கவிழ்த்து, சுற்றிலும் பேனாவால் அழுத்திக் கோடு போடச் சொல்லுங்கள். அதற்கென்றே விற்கும் தாளில் கோடு உடனே மேடாக எழும்பும். பழத்தை எடுத்தால் வட்டம். குறுக்குவெட்டுத் தோற்றம் என்றால் என்ன என்று அதற்குப் பிறகு நீங்கள் அதிகம் பேச வேண்டியிருக்காது.

இன்னொன்று, பிள்ளையின் விரலைப் பிடித்து இழுக்காதீர்கள். அவசரம் நமக்குத்தான். உங்கள் கைமேல் அது கை வைக்கட்டும், வேண்டாமென்றால் எடுத்துக்கொள்ளும். முதலில் இரண்டு கைகளாலும் தாள் முழுவதையும் ஒருமுறை தடவட்டும். பிறகு ஒரு கை தொடங்கிய இடத்திலேயே நிற்க, மறு கை கோட்டைச் சுற்றி வரட்டும்.

கறுப்பு மையால் படம் வரைந்து சூடு காட்டினால், மை சூட்டை உறிஞ்சுவதால் அந்த இடம் மட்டும் உப்பி எழும் தாள் கிடைக்கிறது, விலைதான் கொஞ்சம் அதிகம். இல்லாவிட்டால் நூலும் பசையும் உப்புத்தாளும் போதும். ஆனால் இந்திய வரைபடத்தில் மாநில எல்லை, ஆறு, ரயில் பாதை மூன்றையும் ஒரே தாளில் திணித்துவிடாதீர்கள். மூன்று தாள்களாகச் செய்யுங்கள், முதல் தாள் புரிந்த பிறகு அடுத்ததைக் கொடுங்கள்.